பயந்தவன் போட்ட முடிச்சு

தம்பி,

இன்று காலை தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த பிரம்பு நாரின் வாடை மூக்கில் ஏறியது. உன் கைகளில் எப்போதும் இருந்த வாடை. பத்து காவான் தோட்டத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் நான்கு வருடமாகிறது. இன்னும் நீ வருகிறாயா என்று திரும்பிப் பார்க்கிறேன்.

சாரம் கட்டுகிறவர்களில் உன்னைப் போன்ற பயந்தாங்கொள்ளியை இந்தப் பினாங்கு கண்டதில்லை. இரண்டாம் தட்டுக்கு மேல் ஏறமாட்டாய். கீழே நின்று முடிச்சு முடிச்சாகத் தடவிப் பார்ப்பாய். புதுச் சாரத்தின் கால் மூங்கிலில் எலுமிச்சம்பழம் கட்டிச் சூடம் காட்டிவிட்டால் எங்களுக்குக் கவலை விட்டது. உனக்கு மட்டும் விடாது.

"சாமி கும்பிட்டாச்சுலா, இன்னும் என்னடா?" என்று எங்களை மேய்க்கும் மேஸ்திரி, மண்டோர், கத்துவார்.

"மழையில நார் நெகிழாதுன்னு சாமி சொல்லலியே, அண்ணே" என்பாய்.

கடலோரத்தில் அந்த மூன்று மாடிக் கிடங்கு எழும்பிய சமயம். இரண்டு நாள் விடாத மழைக்கு மறுநாள். ஊரில் மகன் பிறந்திருப்பதாகக் கடிதம் வந்த மிதப்பில் விறுவிறுவென்று மேல் தட்டுக்கு ஏறிவிட்டேன். பலகையைத் தாங்கிய மூங்கிலில் முடிச்சு தளர்ந்திருந்தது. அதைத் தாண்டித்தான் போனேன். கண் பார்த்தது, புத்தி மகனுக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அசையாதீங்க!"

நீ கத்திய பிறகுதான் பலகை சரிவது காலுக்குத் தெரிந்தது. கீழே கருங்கல் குவியல். ஒதுங்கி ஓடியிருக்கலாம் நீ. இரண்டாம் தட்டைத் தாண்டாத நீ, மூன்றாம் தட்டுக்கு ஏறி வந்தாய். புது நாரைப் பல்லால் இழுத்து இறுக்கினாய். "இப்ப மெதுவா எறங்குங்க" என்றாய்.

தரைக்கு வந்தபோது பயத்தில் உன் வேட்டி நனைந்திருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் உயிரைத் திருப்பிக் கொடுத்தவனைப் பார்த்துச் சிரித்தேனே, அது இன்றும் என்னை அரிக்கிறது. அடுத்த வாரமே தோட்ட வேலைக்குப் போய்விட்டாய். வந்து பார்க்கலாம், மன்னிப்புக் கேட்கலாம் என்று நாளைக் கடத்தினேன். நீ காத்திருக்கவில்லை.

இப்போது நான்தான் மண்டோர். நேற்று, புதிதாக வந்த ஒருவர் மேலே ஏற மறுத்து நின்றார். சுற்றி நின்றவர்கள் கேலி பேசினார்கள். நான் அவர் அருகில் போனேன்.

"எந்த எடத்துல பயமா இருக்கு? காட்டுங்க, அண்ணே."

காட்டினார். அங்கே முடிச்சு ஒன்று தளர்ந்திருந்தது. மேலே இருந்த எல்லாரையும் கீழே இறங்கச் சொன்னேன்.