செவ்வாயில் பால் காய்ச்சாதவர்கள்

அன்புள்ள அக்கா,

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே டிவியைப் போட்டேன். நாம் பார்த்த செவ்வாய்க் கிரகத் தொடரின் புதிய பாகம் தமிழில் ஓடிக்கொண்டிருந்தது. பூமியை விட்டுக் குடிபோனவர்கள் சிவப்பு மண்ணில் நடந்துகொண்டிருந்தார்கள். கையிலிருந்த பனியனின் கழுத்துப் பட்டி தொளதொளவென்று தளர்ந்திருந்தது. அதைத் தொட்டதுமே உங்கள் குரல் வந்துவிட்டது. "பதினஞ்சு வருசமா அங்கன கெடக்காவ. ஒருத்தன் பனியனாவது கழுத்து தளந்திருக்கா பாரு."

பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருடம் ஒரே செக்கிங் டேபிளில் எதிரெதிரே நின்றவர்கள் நாம். ஓட்டையும் எண்ணெய்க் கறையும் விட்டுப்போன தையலும் பார்த்துப் பழகிய கண்கள். ஞாயிறு மதியம் உங்கள் லைன் வீட்டில் அந்தத் தொடரைப் பார்க்கும்போதும் அதே கண்களால்தான் பார்த்தோம். அவர்கள் செவ்வாயில் கட்டிய வீட்டுக்குள் முதன்முதலாக நுழைந்த அன்று, ஒருத்தியாவது பால் காய்ச்சினாளா என்று கேட்டீர்கள். அங்கே அடுப்பே இல்லையே என்றேன். அடுப்பில்லாத வீட்டுக்கு எவன் குடிபோவான் என்று எனக்குத்தான் திட்டு விழுந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் ஒரு தகரப் பெட்டியோடு திருப்பூர் வந்து இறங்கிய அன்றே, பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் பால் கேட்டு வாங்கிக் காய்ச்சியவர் நீங்கள். நான் சேவூர்க்காரி, பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அம்மா வீடு. எனக்கு அது வெறும் பால்தான்.

அந்தத் தொடரில் உங்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது வேறொன்று. வாரம் தவறாமல் யாராவது ஒருவர் ஜன்னலருகே போய், புள்ளியாகத் தெரியும் பூமியைப் பார்த்து அழுவார். வயலின் ஆரம்பிக்கும், நீங்கள் சத்தத்தைக் குறைப்பீர்கள். ஒருநாள் வயதான இன்ஜினியர் ஒருவர் சாகக் கிடந்தார். என்னைப் பூமிக்குக் கொண்டுபோங்கள் என்று கெஞ்சினார். நீங்கள் எழுந்தே நின்றுவிட்டீர்கள்.

"இருவது வருசமா அங்கனதானட்டி இருக்கான். சேக்காளி எல்லாம் அங்கதான். அது அவன் ஊரு இல்லையா? நான் செத்தா என்னைய வண்டில ஏத்தி அனுப்பிராதீய. இந்தா இருக்க கல்லறைத் தோட்டத்துலயே வச்சிருங்க. கோயிலுக்குப் போறவளுவ ரெண்டு பேராவது பாத்துட்டுப் போவாளுவ."

நான் சிரித்து மழுப்பினேன். பேச்சை மாற்ற, கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு எப்பப் போறீங்க என்று கேட்டேன். வருடா வருடம் கேட்ட கேள்வி அது. மரியாதைக்குக் கேட்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒவ்வொரு தடவையும் டிவி பக்கம் திரும்பிக்கொள்வீர்கள்.

போன வருடம் மாசியில் டேபிளிலேயே சாய்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தெற்கிலிருந்து வந்தவர்கள் இறந்தால் கம்பெனியே வண்டி பிடித்துக் கொடுப்பதுதான் இங்கே வழக்கம். மேனேஜர் அதைத்தான் செய்தார். சொந்த மண்ணுக்குப் போய்ச் சேரட்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை.

நேற்றும் ஒருத்தி ஜன்னலருகே போய் அழுதாள். டிவியை அணைத்துவிட்டேன். கோடி கோடியாகக் கொட்டிப் படம் எடுக்கிறார்கள், போன இடத்தைப் பிடித்துப்போன ஒரு மனுசியைக் காட்ட அவர்களுக்குத் துப்பில்லை. இப்படி அவர்களைத் திட்டும்போதே எனக்கு நாக்கு கூசுகிறது. கல்லறைத் திருநாளன்று இங்கே கல்லறைத் தோட்டத்தில் வரிசையாக மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். நான் வாசல்வரை போய்விட்டுத் திரும்பினேன். உள்ளே எனக்கு யார் இருக்கிறார்கள்? உங்களைப் பார்க்க, நீங்கள் பத்து வருடமாக எட்டிப் பார்க்காத ஊருக்கு நான் பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். வண்டி கிளம்புமுன், தகவல் கேட்டு ஊரிலிருந்து வந்திருந்த உங்கள் தம்பி என்னிடம் வந்தார். நல்ல மனிதர், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அக்கா உங்ககிட்ட கடைசியா ஏதும் சொல்லிச்சா? இங்கயே அடக்கம் பண்ணணும்னாலும் பண்ணிருவோம்" என்றார். உள்ளூர்க்காரி நான், அவர்கள் வீட்டுப் பெண்ணை மறித்து வைத்துக்கொள்வதாக நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன். அது பாதிதான் உண்மை. இருபத்தாறு வருடம் எதிரே நின்ற உங்களை, அந்த நிமிடத்தில் மற்றவர்களைப் போல நானும் வெளியூர்க்காரியாகத்தான் நினைத்தேன்.

"இல்லீங்க, ஒண்ணும் சொல்லலீங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.