போட்டோவில் நடிப்பவர்

அக்கா வீடு,
மார்ச் 3

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

போனில் பேசினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசிச் சண்டையில் முடிகிறது. கடிதத்தில் ஒருவர் வசனத்தை இன்னொருவர் வெட்ட முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நேற்று ஏழரை மணிக்கு நம் டிவி தொடரை அக்காவோடும் மாமாவோடும் உட்கார்ந்து பார்த்தேன். விதவையாக நீ என் போட்டோ முன் நிற்கிறாய். முந்தானையால் தூசி துடைக்கிறாய். கன்னத்தைத் தடவி, "நீங்க இல்லாத வீட்ல எனக்கு என்னங்க வேலை?" என்கிறாய். அக்கா மூக்கைச் சிந்தினாள். நான் பக்கத்தில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன், அவள் என் சாவுக்கு அழுகிறாள்! மாமா சும்மா இருப்பாரா? "மச்சான், உயிரோட இருந்ததைவிட போட்டோவுல நல்லா நடிக்கிறீங்க" என்றார்.

சிரித்து வைத்தேன். உள்ளே வயிறு எரிந்தது. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அந்தக் குரலில் என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருப்பாயா? போட்டோவிடம் மட்டும் என்ன கொஞ்சல்? அதுவும் எனக்கு ஜலதோஷம் பிடித்திருந்த அன்று எடுத்த போட்டோ.

இன்னொன்று. டாக்டராக வருகிறானே அந்த நெட்டை, அவனுக்கு நிற்க வேறு இடமே இல்லையா? அவன் தோள் என் முகத்தை மறைக்கிறது. கேமராமேனிடம் சொல்லி வை.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கும் உன் கணவன்


மார்ச் 9

அன்புள்ள மறைந்தவருக்கு,

உங்கள் கடிதத்தை மேக்கப் அறையில் படித்துச் சிரித்ததில் கண் மை கரைந்து, மேக்கப் போடும் அக்காவிடம் திட்டு வாங்கினேன்.

உங்கள் சாவு நீங்களே கேட்டு வாங்கியது. சினிமாவில் கதாநாயகனாக வாய்ப்பு வந்ததும் டைரக்டரிடம் போய், "என்னைச் சீக்கிரம் முடிச்சு விட்டுருங்க சார்" என்றது யார்? தொடரில் லாரியோடு ஆற்றில் விழுந்தீர்கள். செட்டில் கேக் வெட்டி வழியனுப்பினோம். அந்தப் படம் பாதியில் நின்றது என் குற்றமா? "நாலு நாள் அக்கா வீட்ல இருந்துட்டு வர்றேன்" என்று போனீர்கள். இது ஆறாவது வாரம்.

போட்டோமேல் பொறாமைப்படுகிறவருக்கு ஒரு தொழில் ரகசியம். வெளிச்சம் பட்டுப் பளபளக்கிறது என்று போட்டோ சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள். நான் தடவுவது வெறும் காகிதம். குளோசப்பில் அதுவும் கிடையாது. கேமரா வைக்க இடம் வேண்டுமென்று போட்டோவை எடுத்துவிட்டு, நான் பார்க்க வேண்டிய இடத்துக்கு அடையாளமாக ஒரு ஸ்டாண்டில் கறுப்பு டேப் ஒட்டுவார்கள். உங்கள் வயிற்றை எரித்த அந்தப் பார்வை டேப்புக்குப் போனது.

நெட்டையருக்கு வீட்டில் இரட்டைக் குழந்தைகள். பாவம், நின்றுகொண்டே தூங்குகிறார்.

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. எப்போது வருகிறீர்கள்?

அன்புடன்,
உங்கள் விதவை


மார்ச் 15

அன்புள்ளவளுக்கு,

டேப்பா? ஒரு துண்டு டேப்பையா அப்படிப் பார்த்தாய்? போட்டோவாக இருந்தாலாவது என் மூஞ்சி என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

இன்று கடைத்தெருவில் ஒருவர் வழிமறித்தார். என்னைத்தான் அடையாளம் தெரிந்தது என்று நிமிர்ந்து நின்றேன். "சார், நீங்க செத்துப்போனவர்தானே? உங்க வீட்டம்மா என்னமா நடிக்கிறாங்க!" என்றார். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

கதை எழுதுகிறவருக்குப் போன் போட்டேன். உனக்கும் நெட்டைக்கும் தொடரில் கல்யாணமாமே? என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? ஆனால் என் உடலை எந்தக் காட்சியிலும் காட்டவில்லை. ஆற்றோடு போனவன் பிழைத்து வரலாம். அதைச் சொன்னேன். அவர், "எங்களுக்கு ஆட்சேபணையே இல்ல சார். மேடம் சரின்னா போதும்" என்கிறார்.

மேடம்! நீதான். கையில் வேறு வேலை இல்லை. கிண்டலை விட்டுவிட்டுக் கேட்கிறேன், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடு.

உன்,
ஆற்றில் விழுந்தவன்


மார்ச் 24

அன்புள்ளவருக்கு,

ஐந்து நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

டைரக்டர் போன மாதமே என்னிடம் கேட்டார். "அவரைத் திரும்பக் கொண்டு வந்துரலாமாம்மா?" என்றார். வேண்டாம் என்று சொன்னவள் நான்தான்.

திட்டுங்கள். முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள். பொறாமை உங்களுக்கு மட்டும் சொந்தமா? முந்நூறு எபிசோட் உங்கள் பின்னால் காபித் தட்டோடு நின்றேன். எனக்கு இருந்தது இரண்டே வசனம்: "சாப்பிட வாங்க", "சரிங்க." வெளியே போனால் உங்களைச் சுற்றிக் கூட்டம். போனை என் கையில் திணித்து, "ஒரு போட்டோ எடுத்துக் குடுங்கம்மா" என்பார்கள். நானும் அதே தொடரில் நடிக்கிறேன் என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. நான் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். எனக்கும் எரிந்தது.

நீங்கள் செத்த பிறகுதான் எனக்கு வசனம் வந்தது. முதல் நாளே இரண்டு பக்கம். குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன், சந்தோஷத்தில் அழுதேன். அதே கண்ணோடு செட்டுக்குப் போனேன். உங்களுக்காக அழுகிறேன் என்று எல்லோரும் கை தட்டினார்கள். நீங்கள் திரும்பி வந்தால் அந்தக் காபித் தட்டும் திரும்பி வரும். அந்தப் பயத்தில் சொன்னேன். தப்பாக இருக்கலாம். மாற்றிச் சொல்ல மாட்டேன்.

தொடரில் எனக்குக் கல்யாணம் வருகிறது என்று நேற்று உங்கள் போட்டோவைச் செட் சுவரிலிருந்து இறக்கினார்கள். கேட்டு வாங்கி வந்துவிட்டேன். எங்கும் மாட்டவில்லை. சாப்பாட்டு மேஜையில் உங்கள் நாற்காலியில் சாய்த்து வைத்திருக்கிறேன். உயிரோடிருப்பவரைப் போட்டோவாகப் பார்க்கச் சகிக்கவில்லை. தொடருக்கு வேண்டாம், வீட்டுக்கு வாருங்கள்.

போட்டோவிடம் நான் சொன்ன, நீங்கள் ஆசைப்பட்ட அந்த வசனம் எழுத்தாளருடையது. உங்களிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. குழாயைக்கூட நானே சரிசெய்துவிட்டேன். நீங்கள் இல்லாத வீட்டில் எனக்கு நிறைய வேலை இருக்கிறது. இருந்தாலும் நீங்கள் வேண்டும்.

உங்கள் மனைவி


ஏப்ரல் 6

அன்புள்ளவளுக்கு,

பத்து நாள் பேனாவைத் தொடவில்லை. கோபம்தான். உன்மேல் பாதி, "சரிங்க" என்று நீ வீட்டில் சொன்னதையும் வசனம் போலவே கேட்டுவிட்டு, உன் மனதில் என்ன என்று கேட்காத என்மேல் மீதி.

நேற்று எபிசோட் பார்த்தேன். என் இடத்தில் ஓர் ஆணி மட்டும் இருந்தது. நெட்டை முன்னால் நின்றான், மறைக்க ஒன்றுமில்லை. நீ அந்த ஆணியைப் பார்த்தாய். வசனமே இல்லாமல் ஒரு நிமிடம் பார்த்தாய். மாமாகூட எழுந்துபோய் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு அவ்வளவு பொறாமையாக இருந்தது. முதல் தடவையாக, ஒரு நடிகையைப் பார்த்து நடிகனுக்கு வரும் பொறாமை.

ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன். நாற்காலியைக் காலி செய்து வை. ஸ்டேஷனுக்கு நீ வந்தால் கூட்டம் கூடும், தெரியும். உன்னோடு படம் எடுக்கக் கேட்பவர்களிடம் போனை என் கையில் கொடுக்கச் சொல்.

நான் எடுத்துக் கொடுக்கிறேன். எரியும். கை கொஞ்சம் ஆடினால் பொறுத்துக்கொள்.

உன் கணவன்