பதினான்காவது பாய்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை, எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் குனிந்து கார் சீட்டுக்கு உறை தைத்தால் வலிக்காமல் என்ன செய்யும்? நடுவில் எழுந்து நாலு எட்டு நட. உன் அத்தானின் குறட்டை இப்போது பக்கத்து வீடு வரைக்கும் போகிறது. ஒரு நாள் சத்தம் கேட்கவில்லை என்றால் அவர்கள் பயந்துபோய் வந்து விசாரிக்கிறார்கள். மகளுக்கு ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் வேலை கிடைத்துவிட்டது. மாமாவுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றாள். சொல்லிவிட்டேன்.

போன மாதத்தோடு என் வேலையும் முடிந்தது. முப்பத்தொரு வருஷம் துறைமுகக் கண்காணிப்பு அறையின் படிகளை ஏறி இறங்கிய முழங்கால், இப்போது வீட்டு வாசற்படிக்கே முனகுகிறது. கடைசி நாளில் கேக் வெட்டி, பெரிய பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் அந்தப் படம். சூரியன் மறையும் நேரத்தில் பாய்மரப் படகுகள் திரும்பி வரும் படம். நான் எடுத்தது, காலண்டரில் வந்தது, நீ கேட்டு வாங்கி உன் தையல் மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறாயே, அதேதான். ஜன்னல் அளவுக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தார்கள். அதிகாரி எல்லோர் முன்னாலும், "இந்தம்மா கண்ணுக்குத் தப்பி ஒரு படகு உள்ளே வந்ததில்ல, வெளியே போனதும் இல்ல" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் படத்தைப் பற்றி உன்னிடம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நாலு தடவை எழுதிக் கிழித்தாயிற்று. இந்தத் தடவை கிழிக்க மாட்டேன்.

உன் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி நெட்டையன் கடலோடு போன அன்றைக்கு எடுத்த படம் அது. ஒரு வாரம் முன்னால் எடுத்தது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். உன்னிடமும்தான்.

அன்று பகல் முழுக்க மழை. சாயங்காலம் அடிவானத்தில் மட்டும் மேகம் கொஞ்சம் விலகியது. அந்த இடுக்கு வழியாக வெயில் கடல்மட்டத்தோடு படுத்துக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் படகுகள் திரும்பின. நம் ஊர்ப் பாய்கள் எப்படிப்பட்டவை என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? சாயம் போனவை, ஒட்டுப் போட்டவை, பாதி ஒட்டு உன் கையால் போட்டது. ஆனால் அன்றைக்கு ஒன்று செம்பு நிறம், ஒன்று மாதுளை நிறம், ஒன்று பழுத்த இலை மாதிரி மஞ்சள். காற்று பின்னாலிருந்து இதமாகத் தள்ள, பாய்கள் வயிறு புடைத்து, உள்ளே விளக்கு ஏற்றியது போல வந்தன. வெளிச்சம் துணியை ஊடுருவியதால் தையல் கோடுகள்கூடத் தெரிந்தன. ஒவ்வொரு பாய்க்கும் கீழே தண்ணீரில் இன்னொரு பாய் நீண்டு நடுங்கியது. அத்தனை வருஷம் அதே ஜன்னலில் நின்றவள், அன்றைக்குத்தான் கடலை முதல் முறை பார்ப்பது போல நின்றேன். கையில் தொலைநோக்கி இருக்க வேண்டிய நேரத்தில் போன் இருந்தது.

இடது பக்கம், பதின்மூன்று பாய்களுக்கும் பின்னால், பதினான்காவதாக ஒரு பாய் தனியாகத் தெரிந்தது. பாதி இறங்கியது, ஏறியது. மறுபடி இறங்கியது, மறுபடி ஏறியது. ஆபத்தில் இருப்பவன் அப்படித்தான் கூப்பிடுவான் என்று அந்த அறையில் முதல் நாளே சொல்லித்தருவார்கள். நான் பார்த்தேன், தம்பி. எனக்கு அது ஒரு பறவை சிறகை மடக்கி விரிப்பது போல இருந்தது. அழகாக இருக்கிறதே என்று அதையும் சேர்த்துப் படம் எடுத்தேன். மீட்புப் படகுக்கு மணி அடிக்கும் சுவிட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அடுத்த முறை வேலைக்கு வந்தவரிடம், எல்லாம் வந்துகொண்டிருக்கின்றன என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு இறங்கி வந்தேன். இருட்டியதும் காற்று மாறியது.

மறுநாள் படகு கவிழ்ந்து கிடந்ததும், நீ அதற்கு முந்தின வாரம் தைத்த தையல் வழியே பாய் கிழிந்திருந்ததும் உனக்குத் தெரியும். இற்றுப்போன நூலால் தைத்தான் என்று படகின் சொந்தக்காரர் கத்தினார். பாய் கிழிந்ததால்தான் படகு கவிழ்ந்தது என்று விசாரணையில் எழுதினார்கள். என்னைக் கேட்டபோது, அந்தப் படகு என் கண்ணுக்கே எட்டவில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விடும் என்ற பயம். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

ஏற்றி இறக்க முடிந்தது என்றால் அது கிழியாத பாய். இந்தக் கடிதத்தோடு முழுப் படத்தை வைத்திருக்கிறேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார். தையல் அப்படியே இருக்கிறது. படகு கவிழ்ந்த பிறகுதான் அது கிழிந்திருக்க வேண்டும். படகைத் திருப்பும் சுக்கான் உடைந்துதான் அவன் கூப்பிட்டிருப்பான். கரைக்கு இழுத்து வந்தபோது சுக்கானே இல்லை. அதை யாரும் கேட்கவில்லை, நீகூடக் கேட்கவில்லை. நீ உன் நூலையே சோதித்துக்கொண்டிருந்தாய்.

உன்னிடம் இருக்கும் காலண்டரில் இடது ஓரம் இருக்காது. என் மகள் எனக்குத் தெரியாமல் படத்தைக் காலண்டருக்கு அனுப்பிவிட்டாள். தெரிந்ததும் அச்சகத்துக்கு ஓடினேன், அந்தப் பக்கம் காலியாக இருக்கிறது, வெட்டிவிடுங்கள் என்றேன். "ஆமாம்மா, ஒரு புள்ளி மாதிரி என்னவோ நிக்குது, அழகைக் கெடுக்குது" என்று அச்சகக்காரரும் வெட்டினார். பார்க்கத் தவறியதை ஒரு நிமிஷத்துப் பிசகு என்று வைத்துக்கொண்டாலும், இதை என்னவென்று சொல்வேன்? நெட்டையன் மனைவி உன் முகத்தில் கதவைச் சாத்தினாள். நீ அந்த வாசலிலேயே நின்றாய். தெருமுனையில் நின்று அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆறு வருஷம் ஆகிவிட்டது. நீ மறுபடி ஒரு பாயைத் தொடவே இல்லை.

ஓய்வு பெறும் வரை காத்திருந்துவிட்டு இப்போது எழுதுகிறாயா அக்கா என்று உனக்குத் தோன்றும். ஆமாம். அப்படித்தான்.

உனக்கு எழுதும் முன் இரண்டு இடத்துக்குப் போனேன். அதிகாரியிடம் நடந்ததை எழுத்தில் கொடுத்தேன், முழுப் படத்தோடு. அவர் படித்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "இதைத் திரும்ப எடுத்துட்டுப் போயிடுங்கம்மா" என்றார். எடுக்கவில்லை. ஓய்வூதியம் என்ன ஆகும் என்று தெரியாது. உன் அத்தான் மூன்று நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை, ஆனால் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறார்.

நேற்று நெட்டையன் மனைவியிடம் போனேன். சலவைக்கடையில் வேலை செய்கிறாள். நான் சொன்னதைத் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். நான் முடித்ததும் மடித்த போர்வையை உதறி, மறுபடி மடித்தாள். பிறகு, "அவ்வளவு அழகாவா இருந்துச்சு?" என்றாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? போர்வையை அடுக்கில் வைத்துவிட்டு, "உங்க தம்பியை நான் கொலைகாரன்னு சொன்னேனே" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள். என்னைப் போகச் சொன்னாள். வாசல் வரை வந்த பிறகு கூப்பிட்டு உன் விலாசத்தைக் கேட்டாள். உன்னைக் கேட்காமல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் விலாசத்தைக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

எனக்கு நீ பதில் எழுத வேண்டாம். கோபத்தை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வைத்துக்கொள், அது உன் உரிமை. அவளுக்கு மட்டும் ஒரு வரி எழுது. வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும். உன் கை தைத்தது ஒன்றும் பிரியவில்லை, தம்பி.

இப்படிக்கு,
அக்கா