சுவரில் மாட்டக் கேட்ட பட்டம்

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று தெரிந்தே கட்டிக்கொண்ட சிவகாமிக்கு,

எதை எழுதினாலும் முதலில் குறிப்பெடுத்துக்கொள்வேன் என்று உனக்குத் தெரியும். பார்த்துச் சிரிப்பாய். இப்போதும் சிரித்துக்கொள்.

1. டாக்டர் பட்டம் வாங்கிய நம் மகள் இனி என்ன வேலைக்குப் போகலாம் என்பது.
2. உன் அண்ணனுக்கு நான் சொன்ன பதில்.
3. நீ அவருக்குக் கொடுத்த வாக்கை நான் மீறினேன் என்பது.

தேவகி ஆராய்ச்சியை முடித்துவிட்டாள். விழுங்கிய மாத்திரை வயிற்றில் எப்படிக் கரைகிறது என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட விஷயம். கடைசி மாதங்களில் உனக்கு மாத்திரை கொடுத்ததெல்லாம் அவள்தான். அவை கரைந்தனவா என்று அவள் என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. எதற்காக அந்த விஷயத்தை எடுத்தாள் என்று நானும் கேட்கவில்லை. நீ கேட்டிருப்பாயா?

வேலைகளைக் கட்டம் போட்டு எழுதிக் கொடுத்தேன். மெட்ராஸில் மருந்தாளுநர்களைப் படிக்கவைக்கும் கல்லூரியில் விரிவுரையாளர். பம்பாயில் மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடம். சம்பளம் அதிகம், ஊர் தூரம். வெளிநாட்டில் மேற்கொண்டு ஆராய்ச்சி. போனால் திரும்பி வருவாளோ என்று எனக்குப் பயம். கடைசியாக, விற்பனைக்கு வரும் மருந்துகள் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்கும் அரசாங்க ஆய்வகம். சம்பளம், விடுமுறை, பென்ஷன், வீட்டிலிருந்து தூரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். என் மனம் கல்லூரியில்தான் இருந்தது. கோடை விடுமுறை உண்டு பார்.

அவள் படித்துவிட்டு, "எனக்குப் புடிச்சது எதுன்னு ஒரு கட்டமே இல்லியேப்பா" என்றாள். அரசாங்க ஆய்வகத்துக்கு மனுப் போட்டாள். உத்தரவும் வந்துவிட்டது.

அதற்குள் தை பிறந்தது. உன் அண்ணன் தாம்பூலத் தட்டோடு வந்துவிட்டார். வெற்றிலை பாக்கு, தேங்காய், அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப் புடவை.

யார் எதை நீட்டினாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வது என் சுபாவம். இத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் நீட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டவன் அல்லவா? தட்டு கைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. நம்மவர்களிடம் தட்டை வாங்கிவிட்டால் சம்மதித்ததாக அர்த்தம்.

"அப்புறம் இன்னா மாப்ள, முடிஞ்சிபோச்சி" என்று உட்கார்ந்தார். "தங்கச்சி அன்னிக்கே வாக்கு குடுத்தா, என் பையனுக்குத்தான்னு. நம்ம மருந்துக் கடையில இருந்த பார்மஸிஸ்டும் நின்னுட்டான். தேவகி சர்டிபிகேட் செவுத்துல தொங்கினா போதும், கடை லைசென்சு போவாது. அவ கடைப்பக்கமே வர வேணாம், வூட்ல ராணி மாதிரி இருந்துக்கினு போவட்டும்."

தேவகி அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை; என் கையிலிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டை அவர் பக்கம் நீட்டினேன். தேங்காய் உருண்டு புடவைமேல் சாய்ந்தது. "அவளைக் கேக்காம வாங்கினது தப்பு, மச்சான்" என்றேன். "இந்தாங்க."

"வாங்கின தட்டத் திருப்பிக் குடுக்கறியா? தெருவுல நாலு பேரு இன்னா சொல்வாங்க?"

"சொல்லட்டும். பட்டம் ஒரு எடத்துலயும் படிச்சவ ஒரு எடத்துலயும் இருக்க முடியாது மச்சான்."

என் குரல் நடுங்கத்தான் செய்தது. நடுங்கினால் என்ன, வார்த்தை வந்துவிட்டதே.

"அப்ப அந்த மாத்திரை சோதிக்கிற வேலைக்கா அனுப்பப் போற? நாளைக்கு என் கடை சரக்கே அவகிட்ட வந்து நிக்குமே."

"சரக்கு நல்லா இருந்தா உங்களுக்கு இன்னா பயம் மாமா?" என்றாள் தேவகி, இருந்த இடத்திலிருந்தே.

அவர் கை நீட்டவில்லை. அவர் மடியில் தட்டை வைத்தேன். ஆம், சிவகாமி, நான்தான். இன்னொரு முறை வந்தாலும் அப்படியே செய்வேன். தெரு நாலு விதமாகப் பேசுகிறது. அது ஐந்தாவதாக என் வாயாலும் கேட்கட்டும் என்றுதான் இதை அச்சில் போடக் கொடுக்கிறேன்.

மூன்றாவது குறிப்பு ஒன்றுதான் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. உன் வாக்கு. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கக்கூடாது, ஆனால் உன்னிடம் சொல்லாமலும் இருக்கக்கூடாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். குறிப்பையும் எழுதி, பாதிக் கடிதம் முடித்திருந்தேன். அப்போது உன் அண்ணன், அன்று மறந்துவைத்த குடையை எடுக்க வந்தார். கோபம் தணிந்திருக்கவில்லை.

"ஆத்தாளுக்குத் தப்பாம பொறந்திருக்குது" என்றார் வாசலில் நின்று. "கடைசியா ஆஸ்பத்திரியில பாக்கப் போனப்ப அவளும் இதத்தான் சொன்னா. 'நான் குடுத்த வாக்கத் திருப்பி எடுத்துக்கறேண்ணா, அவ படிச்சது அவளுக்கு'ன்னா. நோவுல ஒளர்றான்னு நெனச்சிக்கினேன்."

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை, சிவகாமி? கேட்டால் பயந்துவிடுவேன் என்றா? அல்லது ஒரு தடவையாவது நானாகச் சொல்லட்டும் என்று விட்டுவைத்தாயா?

தேவகி திங்கட்கிழமை வேலையில் சேருகிறாள். அந்தப் பட்டத்தை நம் வீட்டுச் சுவரிலும் நான் மாட்ட மாட்டேன். அவள் போகும் இடத்துக்கெல்லாம் அது அவளோடு போகும். இது என் வாக்கு. இதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டி வராது.

மூன்றாவது குறிப்பு தவறு. நான் மீறுவதற்கு நீ எதையும் மிச்சம் வைத்திருக்கவில்லை.

இப்படிக்கு,
கொஞ்சம் தாமதமாக வாய் திறந்த,
தேவகி அப்பா