ஏரிக்கரைக் கல்லுக்கு நான் வைத்த மூக்கு

9-6-1968, ஞாயிறு

கிருஷ்ணகிரியிலிருந்து பேச வரவேண்டிய வாத்தியார் வரவில்லை. பதினோரு மணி பஸ்ஸிலும் இல்லை, ஒரு மணி பஸ்ஸிலும் இல்லை. 'நம்ம ஊர் வரலாறு' என்று கெலமங்கலம் முழுக்கத் தட்டி கட்டியவன் நான். நூலகத்தில் இருபத்திரண்டு பேர் உட்கார்ந்து நூலகனான என் முகத்தையே பார்க்கிறார்கள். முன்வரிசையில் நாராயணப்பன். நூலகம் நடக்கும் கட்டடம் அவருடையது, ஏரிக்குக் கீழே பாதி நிலமும் அவருடையது. கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவிதான் என்னைக் கெடுத்தது.

எழுந்தேன். ஏரிக்கரையில் காலனிப் பெண்கள் துணி துவைக்கும் கல்லைப் பிடித்துக்கொண்டேன். குப்புறக் கிடக்கும் கல். அடியில் வாளோடு ஓர் ஆள் செதுக்கியிருப்பதாக, ஏரி வற்றிய வருஷம் யாரோ சொன்னார்கள். ஊர் மாடுகளை ஓட்டிப்போன கொள்ளைக்காரர்களை ஒற்றை ஆளாக மறித்து உயிர்விட்ட வீரனின் கல் அது என்றேன். இதுவரை பாதகமில்லை, இந்தப் பக்கம் அப்படிப்பட்ட கற்கள் எத்தனையோ. நாக்கு அத்தோடு நின்றதா? "அந்த மூக்கைப் பாத்தா நம்ம நாராயணப்பன் வம்சம் மாதிரிதான் இருக்கு!"

கைதட்டல். நாராயணப்பன் தன் மூக்கைத் தடவிக்கொண்டார்.

10-6-68

அற்புதமேரி சோறு போடும்போது கேட்டாள்: "ஏங்க, குப்புறக் கெடக்கிற கல்லுல மூக்க எப்படிங்க பாத்தீங்க?"

பெண்டாட்டி மட்டும் கூட்டத்துக்கு வரக் கூடாது.

16-6-68

கல்லை நிமிர்த்தி நட்டுவிட்டார்கள். மஞ்சள், குங்குமம், சாமந்தி மாலை. போய்ப் பார்த்தேன். வாள் இருக்கிறது, முகமே இல்லை, மழுங்கிப்போய்விட்டது. "சண்டையில மூக்க வெட்டிட்டாங்க போல, பாவம்" என்றார் நாராயணப்பன், கண் கலங்க. கட்டடத்துக்கு இனி ஆயுசுக்கும் பயமில்லை என்று சிரித்துக்கொண்டே வந்தேன்.

21-6-68

காலையில் நூலகம் பெருக்க வந்த மாரம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றாள்.

"ஐயா, கல்லு போச்சி, போவட்டும். கரைய சுத்தி எதுக்குங்க முள்ளு போட்டாங்க? தண்ணி எடுக்கறதும் அங்கதான, தொவைக்கறதும் அங்கதான. இனிமே மதகுக்கு அந்தாண்ட போவணுமாம். அங்க முட்டி மட்டும் சேறு."

"நாராயணப்பன் என்ன சொல்றாரு?"

"'எங்க பாட்டன் நிக்கற எடத்துல உங்க துணிய தொவைப்பீங்களா'ன்றாரு. லைப்ரரி ஐயா சொன்ன சரித்திரம்ன்றாரு." வாசற்படியைக் காட்டி, "நானும் அன்னிக்கு வாசப்படியில நின்னு கேட்டுக்கினுதான் இருந்தேன்" என்றாள்.

என்னைத் திட்டியிருக்கலாம். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

22-6-68

உட்கார முடியவில்லை. பொய் என்று சொன்னால் கட்டடம் போகும், ஒருவேளை வேலையும். சொல்லாவிட்டால்? அறுபது குடும்பம் சேற்றில் இறங்கும். யாருக்காக இந்த நாக்கு எனக்கு? மாலை வரை ஏரிக்கும் வீட்டுக்குமாக மூன்று தடவை நடந்தேன். "செருப்புக்காவது ஓய்வு குடுங்க" என்றாள் அற்புதமேரி.

23-6-68

மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம். சாமியார் கேட்டார்: "பொய்ய எங்க சொன்னே, சகாயநாதன்?"

"நூலகத்துல, சாமி."

"அங்கயே போய் அவுத்துடு. இங்க முட்டி போட்டுத் தப்பிக்கப் பாக்காதே."

27-6-68

நினைப்பு எங்கேயோ, இன்று பத்திரிகைகளைத் தலைகீழாக அடுக்கிவைத்திருக்கிறேன். யாரும் கவனிக்கவில்லை.

28-6-68

மாரம்மா வேலைக்கு வரவில்லை. மதகுப் பக்கம் குடத்தோடு வழுக்கி விழுந்து அவள் மருமகள் செல்லிக்குக் கை முறிந்ததாம். ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள்.

என் வாயால் முறிந்த கை.

30-6-68, ஞாயிறு

இரண்டாம் கூட்டம். நாற்பது பேர். எழுந்து நின்று சொல்லிவிட்டேன்: "போன தடவை சொன்னது பொய். மூக்கையும் பாக்கல, வம்சமும் எனக்குத் தெரியாது. நாராயணப்பன் மனசு குளிரணும்னு சொன்னேன்."

சிரிப்பு! டீக்கடை எல்லப்பன் தொடையில் தட்டி, "மூஞ்ச எப்படி வெச்சிக்கினு உடறாரு பாருய்யா!" என்றான். சத்தியமாகப் பொய் என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நாராயணப்பனும் சிரித்தார். இத்தனை வருஷம் இவர்களைச் சிரிக்கவைத்ததற்குக் கூலி.

அப்போதுதான் வாசற்படியிலிருந்து மாரம்மா: "ஐயா, ஒன்னு கேக்கட்டுங்களா?"

அந்தப் படியை ஆறு வருஷமாகப் பெருக்குகிறவள். கூட்டத்தில் வாய் திறந்ததில்லை.

"மாட்ட ஓட்டிக்கினு போனவங்கள மறிச்சி செத்தான்னீங்க. அப்ப மாட்டுகூட இருந்தவன்தான மறிச்சிருப்பான்? இந்த ஊர்ல பெரிய வூட்டு மாட்ட மேய்ச்சது யாருங்க? எங்க மாமனாரு மேய்ச்சாரு. அவுங்கப்பாரு மேய்ச்சாரு. பெரிய வூட்டுக்காரங்க யாராச்சும் கோலெடுத்துக்கினு போயிருந்தா சொல்லுங்க, நான் ஒத்துக்கறேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. நாராயணப்பன் என் பக்கம் திரும்பினார். "ஏமய்யா, சரித்திரம் என்ன சொல்லுது?"

அந்தக் காலத்தில் பெரியவர்களே மாடு மேய்த்தார்கள் என்ற வாக்கியம் பல்வரைக்கும் வந்தது. கட்டடம், நாற்காலி, என் மேசை எல்லாம் அதன் பின்னால் வரிசையாக நின்றன. விழுங்கினேன்.

"மேய்ச்சவன்தான் மறிச்சிருப்பான். மாரம்மா சொல்றதுல எனக்குத் தப்பு தெரியல."

இதற்கும் யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். இல்லை.

3-7-68

வேலியைப் பிடுங்கிவிட்டார்கள். கூலிக்காரன் பாட்டனுக்கா மாலை போட்டோம் என்று நாராயணப்பன் இரண்டு தடவை தலைமுழுகினாராம். எல்லப்பன் தகவல், பாதியைக் கழித்துக்கொள்ளலாம். சீட்டு மட்டும் கழிக்க முடியாதது: இம்மாதக் கடைசிக்குள் கட்டடத்தைக் காலி செய்யவேண்டும். அவருடைய ஆள் திம்மப்பன் மேசைமேல் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே போனான்.

காலனிப் பெண்கள் துவைக்க வேறு கல் போட்டுக்கொண்டார்கள். பழைய கல்லைச் சாய்க்க அவர்களுக்கு மனசில்லை.

28-7-68, ஞாயிறு

கோயிலை ஒட்டிய கொட்டகை. சாமியார் தந்தது. மேலே ஓடு இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, சட்டப் புத்தகங்களை அங்கே வைத்திருக்கிறேன். கூட்டத்துக்குப் பதினோரு பேர்தான், ஆறு பேர் காலனி. பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள்.

முடிந்ததும் செல்லி வந்தாள், கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டபடி. புத்தகம் வேண்டுமாம்.

"கை சரியாகட்டுமே, அம்மா."

"கைதான கட்டுல இக்குது. கண்ணு நல்லாத்தான் இக்குது."

உறுப்பினர் படிவத்தை நிரப்பினேன். வீட்டுவரி கட்டுகிற ஒருவர் பிணைக் கையெழுத்துப் போடவேண்டும். எல்லப்பனைப் பார்த்தேன். அவன் ஒழுகுகிற ஓட்டை ஆராய்ந்துகொண்டிருந்தான். நூலகனே பிணை நிற்கலாமா என்று விதியில் இல்லை. தேடவும் இல்லை. போட்டேன்.

"பதினாலு நாள்ல திருப்பித் தரணும்."

"தராட்டி?"

"என்னைத்தான் கேப்பாங்க."

"அப்ப சரிங்க" என்று தடியான புத்தகமாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போனாள்.