ராணியும் செல்வமும் வேலை பார்த்த கடை

காலை பத்து மணி பதினேழு நிமிடத்துக்கு அந்த ஃபோன் வந்தது. அப்போது உன் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். நீ போன இந்த நான்கு மாதத்தில் அது ஒரு தையல்கூடப் போடவில்லை. ஆனாலும் மில்லில் வார லீவு வந்தால் என் கை எண்ணெய் டப்பாவைத் தேடுகிறது.

நீ படித்த பயிற்சி மையத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். "சார், மேடத்துக்குச் சிறந்த இளம் தொழில்முனைவோர் விருது. நாலு பேரு வேலை பாக்குற கடையாச்சே."

நீ காய்ச்சலில் இறந்துபோனதைச் சொன்னேன்.

"சாரி சார். அவங்க ஸ்டாஃப் யாராச்சும் வந்து வாங்கிக்கலாம். ராணியோ, செல்வமோ."

நான் ராணியின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

செம்பட்டியில் உன் கடையில் நீ ஒருத்திதான். "பத்து நாள்தான, போய்ட்டு வா, சர்டிபிகேட் கெடைக்கும்" என்று உன்னைத் திண்டுக்கல்லுக்கு அனுப்பியவன் நான். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். சீருடைத் துணி வந்து குவிய வேண்டிய பத்து நாளும் கடையில் பூட்டுத் தொங்கியது.

பயிற்சியில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு சின்னாளபட்டிப் பக்கம் பன்னிரண்டு மெஷின் ஓடும் நைட்டி யூனிட். அவன் வகுப்பில் இருந்தாலும் மேஸ்திரி வேலையைப் பார்த்துக்கொண்டார். வெட்ட ஒருவர், தைக்க ஒருவர் என்று பிரிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். மறுநாளே பிரித்தான், பலன் கண்டான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை.

"அக்கா, ஒங்க கம்பெனில எம்டியும் பியூனும் நீங்கதானா?" என்று உன்னைக் கேட்டானாம்.

"ஆமாப்பு. ரெண்டு பேருக்கும் ஒத்த டீதான்."

வேலைப் பங்கீட்டுப் படம் வரையச் சொன்னபோது நான்கு கட்டத்திலும் உன் பெயரையே எழுதினாய். ஒரு பெயர் இரண்டு முறை வரக்கூடாது, கட்டம் காலியாகவும் இருக்கக்கூடாது என்றார் பயிற்சியாளர். "ஒத்த ஆளு கடைக்கு வேற மாதிரி சொல்லித் தாங்க சார்" என்று கேட்டாய். "மனசு பெருசா இருக்கணும்மா, கடை சின்னதா இருந்தா என்ன?" என்றாராம். ஆகவே முதலாளி நீ, ரிப்பேர் உன் புருஷன் நான், தையல் ராணி. நான்காவது கட்டத்தில் நம் இஸ்திரிப் பெட்டிக்குச் செல்வம் என்று பெயர் வைத்து எழுதிக் கொடுத்துவிட்டாய். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

பயிற்சி முடிந்து கடையை மறுபடி திறந்த அன்று எதிர்வீட்டு அக்கா சொன்னதும்தான் உன் சிரிப்பு நின்றது. "நீ எப்ப வருவேன்னு தெரியல. புள்ளைக்கு யூனிபார்ம் வேணுமே, வேற கடைல குடுத்துட்டேன் ஆத்தா."

அரை எச்பி மோட்டாரில் ஐந்து எச்பி லோடை ஏற்றிவிட்டு, மோட்டாருக்கு மனசு போதாது என்று எந்த மெக்கானிக்கும் சொல்லமாட்டான். டிப்ளமா படித்த எனக்கு இது அன்றைக்கு உறைக்கவில்லையே.

ஃபோனில் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "ராணி தையல் மெஷின்ங்க. செல்வம் அயர்ன் பாக்ஸ். ஒரு நாளாச்சும் கடைய வந்து பாத்தீங்களா?"

"சார்... பேனர் அடிக்கக் குடுத்தாச்சு. அத விட்ருங்க. மேடம் போட்டோ மட்டும் அனுப்புங்க, சாயங்காலம் கூப்புடுறேன்."

அனுப்பமாட்டேன். பூட்டிய கடைக்காக நீ பட்டது ஒரு பேனரில் வெற்றிக் கதையாக வேண்டாம். ராணியின் தலைக்கு மேல் நீ ஒட்டிவைத்த அந்தப் படத்தின் நகலைப் பிய்த்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நான்கு கட்டத்தில் இன்னும் வேலையில் இருப்பது ரிப்பேர் மட்டும்தான்.

சாயங்காலம் ஆகிவிட்டது. ஃபோனை அணைத்துவிட்டேன்.