பீரோ சாவியும் மொத்த அனுமதியும்

அன்புள்ள அத்தைக்கு, உங்கள் மருமகள் பணிந்து எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

அலுவலகத்தில் இப்போது ஏஐ உதவியாளர் வந்திருக்கிறது. டெர்மினல் என்னும் கருப்புத் திரையில் கட்டளைகளைத் தானே எழுதி, தானே ஓட்டும். ஒவ்வொன்றுக்கும் முன் என்னிடம் அனுமதி கேட்கும். ஒரு வரி தப்பினாலும் வாடிக்கையாளர் கோப்பெல்லாம் அழிந்துவிடலாம். அதனால் வீட்டுக் கணக்கைப் பார்ப்பதுபோல் முழுக்க வாசித்து, சாமியை நினைத்துக்கொண்டுதான் ‘சரி’ அழுத்துகிறேன்.

மேலாளருக்குப் பொறுக்கவில்லை.

“என்னம்மா, பாராயணமா பண்றீங்க? மொத்தமா அனுமதி குடுத்துட்டு அடுத்த வேலையப் பாருங்க.”

“எங்க மாமியார் பீரோ சாவியக் குடுக்கவே எனக்குப் பிள்ளை பிறக்க வேண்டியிருந்துச்சு சார். நேத்து வந்ததுக்கு எப்படிக் குடுப்பேன்?”

“அப்போ வேற ஆளப் பார்த்துக்கறேன்.”

“பாருங்க. நான் இருக்கிறவரைக்கும் வாசிச்சுத்தான் அழுத்துவேன்.”

அந்தச் சாவிக்காக உங்கள்மேல் இருந்த கோபம் அங்கேயே தீர்ந்தது, அத்தை.

கவலை வேண்டாம், வேலை இன்னும் இருக்கிறது. நான் மறந்துவிட்டு வந்த கண்ணாடியை அனுப்புங்கள். இங்கே எழுத்தெல்லாம் பொடி. உங்கள் பழைய புடவைத் துணியிலேயே சுற்றுங்கள், வேறு துணி வேண்டாம்.

சாப்பாட்டு நேரம் முடிந்தது. திரையில் அது அனுமதி கேட்டு நிற்கிறது. நிற்கட்டும், நான் இன்னும் வாசிக்கவில்லை.